அரை மணி நேரக் கடல்: சப்னாட்டிகாவா, ஆப்ஸூவா, எண்ட்லெஸ் ஓஷன் லுமினஸா?

வேலையெல்லாம் முடித்துத் தூங்கப் போவதற்கு முன் எனக்கென்று மிஞ்சுவது அரை மணி நேரம். சில நாள் அதுவும் கிடைக்காது. அந்த நேரத்தில் கடலுக்குள் இறங்கி, கொஞ்சம் நீந்தி, நாலு மீனைப் பார்த்துவிட்டு மேலே வர வேண்டும். என் தேவை அவ்வளவுதான். துப்பாக்கி வேண்டாம், பந்தயம் வேண்டாம், மதிப்பெண் பட்டியல் வேண்டாம். இதற்காகச் சில மாதங்கள் நான்கு கேம்களை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். சப்னாட்டிகா, ஆப்ஸூ, பியாண்ட் ப்ளூ, எண்ட்லெஸ் ஓஷன் லுமினஸ். இப்போது தினமும் கை போவது லுமினஸுக்குத்தான். நான்கிலும் பெரிய கேம் எது என்று கேட்டால் சப்னாட்டிகா என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனாலும் இரவில் அதைத் திறப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த அலசல்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். காட்சி அழகில் ஆப்ஸூவும் சப்னாட்டிகாவும் முன்னால் நிற்கின்றன. லுமினஸ் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்காகவே செய்யப்பட்டது. அந்தக் கருவியின் எல்லை தூரத்துப் பாறைகளிலும் மணலிலும் தெரிகிறது. ஸ்விட்ச் இல்லாதவர்களுக்கு மற்ற மூன்றும் பிசியில் கிடைக்கும். நான்கையும் ஹெட்ஃபோனில்தான் ஆட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் உணர்வில் பாதி காது வழியாகத்தான் வருகிறது.

ஆப்ஸூவிலிருந்து தொடங்குகிறேன். 2016-ல் வந்தது. ஜயன்ட் ஸ்குவிட் என்ற ஸ்டூடியோவின் முதல் கேம். ஜர்னி கேமில் கலை இயக்குநராக இருந்த மேட் நாவா இதை இயக்கினார். இசை ஆஸ்டின் வின்டரி. நீர், அறிவு என்ற இரண்டையும் குறிக்கும் பழைய சொற்களை ஒட்டி வைத்த பெயர் அது. ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது, ஆக்சிஜன் அளவுகோல் கிடையாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் நீந்தலாம், பெரிய உயிரினத்தின் அருகே போய்ப் பற்றிக்கொண்டால் அதோடு சேர்ந்து போகலாம். அங்கங்கே சிலைகள் இருக்கும். அதன் மேல் உட்கார்ந்தால் கேமரா நம்மை விட்டு விலகி மீன்களின் பின்னால் போகும். திரையில் அந்த உயிரினத்தின் பெயர் வரும். நான் ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோது, ஒரு கூட்டம் சின்ன மீன்கள் பந்து மாதிரி சுருண்டு சுருண்டு திரும்பிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய மீன் புகுந்தது. பந்து இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் கேமை யாருக்கும் சொல்வேன்.

ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடித்த பகுதிக்குத் திரும்பிப் போகலாம்தான். இரண்டாவது முறை நன்றாகவே இருந்தது. மூன்றாவது முறை எந்தத் திருப்பத்தில் சுறா வரும், எந்த இடத்தில் இசை எழும் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. நல்ல படத்தை மறுபடி பார்ப்பது போன்ற சுகம் அது. கடலுக்குப் போய் வந்த சுகம் வேறு.

பியாண்ட் ப்ளூ பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ஒரு தடவை முழுதாக முடித்தேன், அதோடு சரி. 2020-ல் வந்தது. பிபிசி ஸ்டூடியோஸுடன் சேர்ந்து ஈ-லைன் மீடியா செய்தது. மிராய் என்ற கடல் ஆய்வாளராக இறங்கி, உயிரினங்களை ஸ்கேன் செய்து, ஸ்பெர்ம் திமிங்கிலக் குடும்பம் ஒன்றைத் தொடர்ந்து போகிறோம். இடையிடையே உண்மையான ஆய்வாளர்கள் பேசும் குறும்படங்கள் திறக்கும். கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட நான்கில் இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் சின்னது, அடிக்கடி தொலைபேசியில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அமைதி போதவில்லை.

இனி சப்னாட்டிகா. 2014-ல் முழுமையாகாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, 2018 ஜனவரியில் முழுப் பதிப்பாக வெளியானது. வேற்றுக்கிரகக் கடல், உடைந்த விண்கலம், சின்னத் தப்பிப்புப் பெட்டிக்குள் நாம். ஆக்சிஜன் தொட்டியில்லாமல் இறங்கினால் 45 வினாடி மூச்சு. சாதாரணத் தொட்டி ஒன்றை மாட்டினால் 75. மேலோட்டமான பகுதியில் பவளங்களுக்கு நடுவே நீந்துவது அவ்வளவு இதம். அதைத் தாண்டினால் பாசிக் காடு. கொடிகளின் விதைக்கொத்துகள் மஞ்சளாக விளக்கு மாதிரி ஒளிரும். இரவில் அந்த வெளிச்சத்தை மட்டும் நம்பி நான் நீந்தியிருக்கிறேன். கேம்களில் எனக்குக் கிடைத்த மிக அழகான நிமிடங்களில் அதுவும் ஒன்று.

பயம்தான் பிரச்சினை என்று பலர் சொல்வார்கள். ரீப்பர் என்ற ராட்சத உயிரினத்தின் உறுமல் தூரத்திலிருந்து கேட்டாலே வயிறு கலங்கும், உண்மைதான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. அது திரியும் பகுதிகள் எவை என்று தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போகலாம். என்னைத் தள்ளி வைத்தது பயமில்லை. பராமரிப்பு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சப்னாட்டிகாவில் நமக்கென்று ஒரு வீடு உருவாகிறது. தண்ணீர் எடுக்க வேண்டும், சாப்பாடு தேட வேண்டும். சமைத்த மீனை வைத்திருந்தால் கெட்டுப்போகும். உப்புப் போட்டுப் பதப்படுத்தினால் கெடாது, ஆனால் தின்றதும் தாகம் கூடும். நீந்த உதவும் சீகிளைடுக்கு பேட்டரி, சின்ன நீர்மூழ்கியான சீமாத்துக்கு மின்கலம். எடுத்த தாதுக்களை வைக்க லாக்கர்கள். முக்கியமாக, இந்தக் கேமில் வரைபடம் என்று ஒன்றே கிடையாது. ஒரு இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமானால் அங்கே பீக்கன் என்ற அடையாளக் கருவி ஒன்றை விட்டுவிட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஆட்டத்தைத் தானாகச் சேமிக்கும் வசதியும் இல்லை. எழுந்து போகும்போது நாமே சேமித்தால்தான் உண்டு.

தினமும் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு இவை எல்லாம் சேர்ந்துதான் சுவை. ஒவ்வொரு லாக்கரிலும் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அரை மணிக்காரருக்கு அப்படி இல்லை. வேலை நெருக்கடியில் ஒன்பது நாள் இடைவெளி விட்டு ஒரு இரவு திறந்தேன். தளத்துக்குள் நிற்கிறேன். பசி பாதிக்குக் கீழே, தாகம் அதைவிட மோசம். சுவரில் ஏழு லாக்கர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். டைட்டானியம் ஒன்றில், குவார்ட்ஸ் இரண்டில் கலந்து, பேட்டரி எதிலும் இல்லை. வெளியே வந்தால் தூரத்தில் பீக்கன் ஒன்று மின்னுகிறது. நான் வைத்ததுதான். பெயர் "இங்கே". எதற்காக அங்கே வைத்தேன் என்று நினைவுக்கு வரவில்லை. மீன் பிடித்து, தண்ணீர் செய்து, பேட்டரிக்குத் தாமிரம் தேடி முடித்தபோது என் அரை மணி நேரம் போய்விட்டது. கடலைப் பார்க்கவே இல்லை. வீட்டு வேலை முடித்து உட்கார்ந்தவன் இன்னொரு வீட்டின் வேலையையும் பார்த்துவிட்டு எழுந்தது போல இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவானது. இப்படிப்பட்ட கேமைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அது எவ்வளவு அழகு, எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பத்து நாள் கழித்துத் திறந்தால் அது என்னிடம் என்ன கேட்கும்? சப்னாட்டிகா பாக்கிக் கணக்கை நீட்டுகிறது. ஆப்ஸூ எதுவும் கேட்பதில்லை, ஆனால் கொடுக்கவும் அதனிடம் புதிதாக எதுவும் மிச்சமில்லை.

சப்னாட்டிகாவிலேயே மாற்று வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஃப்ரீடம் மோடில் பசியும் தாகமும் இல்லை, மூச்சுக் கணக்கு மட்டும் இருக்கும். கிரியேட்டிவ் மோடில் அதுவும் இல்லை, எல்லாவற்றையும் உடனே கட்டலாம். கிரியேட்டிவில் நான் நாலைந்து முறைதான் இறங்கியிருக்கிறேன், அதனால் என் தீர்ப்பை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அழகு குறையவில்லை. ஆனால் அந்தக் கடல், பயந்துகொண்டும் கணக்குப் பார்த்துக்கொண்டும் நீந்துவதற்காக அடுக்கப்பட்ட கடல். கதை இல்லாமல், தேவையும் இல்லாமல் அதில் நீந்தும்போது, ஆளில்லாத கட்டடத்துக்குள் நடப்பது போன்ற ஒரு வெறுமை வந்தது. பிறருக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

எண்ட்லெஸ் ஓஷன் லுமினஸ் 2024 மே மாதம் வந்தது. அரிக்கா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது. இதே வரிசையின் முதல் கேம் 2007-ல், நிண்டெண்டோவின் பழைய கேம் கருவியான வீ-க்கு வந்தது. லுமினஸில் ஆக்சிஜன் தீராது. எதுவும் கடிக்காது. பசி இல்லை, வீடு இல்லை, பேட்டரி இல்லை. கன்ட்ரோலரில் ஒரு பட்டனைப் பிடித்தால் கதிர் ஒன்று பாய்ந்து, எதிரே உள்ள உயிரினத்தை ஸ்கேன் செய்யும். பெயரும் சின்னக் குறிப்பும் வரும், குரல் அதைப் படித்துக் காட்டும். ஐநூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள். அழிந்துபோனவையும் புராணங்களில் மட்டும் இருப்பவையும் அதில் சேர்த்தி. முக்கியமானது, கடலின் அமைப்பு முங்குதலுக்கு முங்குதல் மாறும். நேற்றுக் குகை இருந்த இடம் இன்று பள்ளத்தாக்காக இருக்கும்.

போன வாரம் ஒரு இரவு ஸ்கேன் செய்யாமலே நீந்திக்கொண்டிருந்தேன். பவளத்திட்டு முடிந்து தரை சரியும் விளிம்பு. கீழே நீலம் அடர்ந்து கறுப்பாகிறது. இடப்பக்கமிருந்து ஒரு கடலாமை வந்தது. அவசரமே இல்லாமல் துடுப்பை ஒருமுறை அடித்து, கொஞ்ச தூரம் சறுக்கி, மறுபடி ஒருமுறை அடித்தது. நானும் வேகத்தைக் குறைத்து அதன் பக்கத்திலேயே போனேன். எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை. அது விளிம்பைத் தாண்டி ஆழத்தை நோக்கித் திரும்பியபோது நான் திரும்பவில்லை, அங்கேயே நின்று பார்த்தேன். பிறகு வெளியேறித் தூங்கப் போனேன். மறுநாள் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் திறந்தபோது ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை, எதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. புதுக் கடல் ஒன்று இருந்தது, இறங்கினேன்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்டோரி மோட் மெலிதானது. அதிலும் அடுத்த அத்தியாயம் திறக்க இத்தனை உயிரினங்களை ஸ்கேன் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. கதைக்காக வாங்குபவர்கள் இங்கேதான் எரிச்சலாகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கையைத் துரத்த ஆரம்பித்தால் பட்டனை அழுத்திக்கொண்டே ஓடுகிறோம், மீனைப் பார்ப்பதில்லை. முதல் வாரம் நானும் அப்படித்தான் ஆடினேன், சலித்துவிட்டது. அத்தியாயங்களை மறந்துவிட்டுத் தனியாக முங்கும் மோடிலேயே இருந்தால், எண்ணிக்கை தானாகச் சேரும். அது சேர்ந்தபிறகு ஒரு நாள் கதைப்பக்கம் போய்க்கொள்ளலாம்.

இன்னொரு குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். இதே வரிசையின் பழைய கேம்களில் மீனைத் தொடலாம், தீனி போடலாம், டால்ஃபினைப் பழக்கலாம். இரண்டாவது கேமில் நோயுற்ற உயிரினத்தைக் குணப்படுத்தவும் ஒரு கருவி இருந்தது. லுமினஸில் தொடுதல் போய்விட்டது. கதிரை மட்டும் நீட்டுகிறோம். சில உயிரினங்கள் நம்மோடு கூடவே நீந்தி வரும் என்பது ஓரளவு ஈடு செய்கிறது, முழுதாக இல்லை. பழைய வீ கருவி இன்னும் ஓடும் நிலையில் இருப்பவர்கள் முதல் இரண்டையும் தேடிப் பார்க்கலாம்.

முப்பது பேர் வரை ஒரே கடலில் இறங்கும் இணைய முங்குதலும் உண்டு, அதற்கு நிண்டெண்டோவின் கட்டணச் சந்தா வேண்டும். மூன்று முறைதான் போனேன். முகம் தெரியாத ஒருவர் தூரத்தில் குறியிட்டு அழைக்க, போய்ப் பார்த்தால் அரிய மீன் ஒன்று நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தேடுவது தனிமை, அதனால் அந்தப் பகுதியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

வார இறுதியில் ஒரு மாலை மட்டும் இருக்கிறது, ஒரே மூச்சில் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் ஆப்ஸூ, யோசிக்கவே வேண்டாம். நீண்ட விடுமுறை வருகிறது, ஒரு கடலில் குடியிருந்து பார்க்க ஆசை என்றால் சப்னாட்டிகா. அந்தச் சேமிப்பை நான் அழிக்கவில்லை. கடைசியாக வெளியேறும் முன் அந்தப் பீக்கன் வரை போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு குகை வாய், உள்ளே ஊதா வெளிச்சம். பீக்கனின் பெயரை மாற்றி எழுதினேன்: "குகை. பெரிய தொட்டியோடு வா."