ஃபிஷ் ஃபைண்டர் வாங்கும் முன் சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள்

காசிமேட்டில் ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிறேன். தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் பெட்டிதான் ஃபிஷ் ஃபைண்டர். போன மார்கழியில் 32,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கி ஏமாந்தேன். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடையில் பெட்டியை ஆன் செய்ததும் திரையில் மீன் கூட்டம் கூட்டமாக ஓடியது. "நேற்று கோவளம் பக்கம் பதிவானது" என்றார் கடைக்காரர். நானும் மச்சானும் நம்பிவிட்டோம். அது சிமுலேட்டர், அதாவது பெட்டிக்குள்ளேயே இருக்கும் மாதிரிப் படம். ஒலியை அனுப்பி வாங்கும் சென்சாரின் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் மீன் ஓடினால் அது சென்சார் பிடித்துக் காட்டும் நேரடிப் படமல்ல. 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலி அதிர்வெண்ணும் இருக்கிறது என்று சொல்லிக் கூடுதல் பணமும் வாங்கினார். கொடுத்த சென்சாரில் 200 மட்டும்தான். 20, 30 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தில் வலை விடும் எங்களுக்கு 200 போதும், படமும் தெளிவாக வரும். 50 ஆழ்கடலுக்கு உதவுவது. இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

பெரிய நஷ்டம் பொருத்தியதில்தான் வந்தது. கடை அனுப்பிய ஆள் சென்சாரைப் பின்பலகையில், அவுட்போர்டு இஞ்சினின் காற்றாடிக்கு (புரொப்பல்லர்) ஒரு சாண் தூரத்தில் திருகிவிட்டார். வயர் நீளமாக இருக்கிறதென்று நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றினார். கரையோரம் மெதுவாகப் போகும்போது ஆழம் சரியாகக் காட்டியது. வேகம் எடுத்ததும் திரை முழுக்கப் புள்ளி, ஆழம் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. காற்றாடி கிளப்பும் குமிழிகளைத் தாண்டி ஒலி போகாது. அது தெரியாமல் அந்த எண்ணை நம்பி வலை விட்டோம். அடியில் பார், அதாவது கடலடிப் பாறை இருந்தது. 10 பீஸ் வலை கிழிந்து போனது.

கேட்டதற்கு, "உங்க கடல் கலங்கல்" என்றார் கடைக்காரர். வயர் வெட்டியிருப்பதால் வாரண்டி கிடையாதாம். வெட்டியதே அவர் ஆள்தான்! பில்லும் தரவில்லை, பணமும் திரும்பவில்லை.

அப்புறம் புது சென்சார் வாங்கி, விவரம் தெரிந்த ஒரு அண்ணன் மாட்டிக் கொடுத்தார். முன்னோக்கிப் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் காற்றாடி வலப்பக்கம் சுற்றுகிற இஞ்சின் எங்களுடையது. அதற்கு வலது கைப் பக்கம்தான் மாட்ட வேண்டும். அங்கே காற்றாடியின் இதழ் கீழ்நோக்கி இறங்குவதால் குமிழி குறைவு. காற்றாடியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, முன்னால் வரிப்பு (படகின் அடியில் நீளவாக்கில் துருத்தும் விளிம்பு) எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, சென்சாரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும்படி வைத்தார். மிச்ச வயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டினார். கரண்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனியாக எடுத்தார்; விளக்கு வயரோடு சேர்த்தால் திரையில் கோடு கோடாக வரும்.

பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் கடலுக்குக் கொண்டு போங்கள். போட்டை நிறுத்தி ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் என்று அளந்து, திரை காட்டும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு முழு வேகத்தில் ஓட்டி, ஆழம் மாறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் கூட வர மறுத்தால் வாங்காதீர்கள்.