பாட்டியின் படமும் நினைவு மலரும்: சென்னைக் கடைகளில் எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்?

தொண்ணூறைத் தாண்டி நிறைவாக வாழ்ந்த பாட்டி போன வீட்டில், காரியத்துக்குள் மூன்று வேலைகள் வந்து நிற்கும். மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் என்ற சிறு புத்தகம் வேண்டும். பரணில் கிடக்கும் கேசட்டில் அவர் பாடியதோ பேசியதோ இருந்தால் அதையும் காப்பாற்ற வேண்டும். மூன்றுக்கும் சென்னையில் ஆள் உண்டு. மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து ஸ்டூடியோக்கள், திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைகள், பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகித, அச்சு வியாபாரம் என்று அலைந்தால் எல்லாம் முடியும். இந்தக் கடைகளின் தரத்தை ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஸ்கேன், அச்சு, ஃபிரேம் மூன்றையும் தைரியமாகக் கொடுக்கலாம். முகத்தைத் திருத்தும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். பெயர், தேதி, உறவுமுறை இவற்றைக் கடைக்காரரிடம் விடவே கூடாது.

முதலில் படம். அவசரத்தில் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது பாஸ்போர்ட் அளவுப் படம், 3.5-க்கு 4.5 செ.மீ. அதை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650-க்கு 2125 பிக்ஸல் வரும். 8-க்கு 10 அங்குலம் வரை முகம் தாங்கும். கூடத்தில் பெரிதாகத் தெரியட்டும் என்று 16-க்கு 20 கேட்டால், இல்லாத விவரத்தை மென்பொருள் தானாகக் கற்பனை செய்து நிரப்பும். அங்கேதான் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுகிறார். இதைவிட நல்ல மூலம் பழைய கல்யாண குரூப் போட்டோ. அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்கள் பல பெரிய நெகட்டிவிலிருந்து எடுத்தவை. கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் முகத்தில்கூடக் கண்ணிமை தெரியும். குரூப் போட்டோவைத் தேடி எடுத்து அந்த முகத்தை மட்டும் 1200 அல்லது 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோப்பை டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும்) வடிவில், எந்தத் திருத்தமும் இல்லாத மூலப் பிரதியாக, தனியே பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் சரியில்லை என்றால் வேறு கடைக்கு எடுத்துப்போக அது ஒன்றுதான் வழி.

சென்னையின் ஈரப்பதத்தில் பழைய படங்களுக்கு வரும் முக்கியமான கேடு, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின்; ஈரத்தில் இளகி, கண்ணாடியைத் தொடும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகம் கண்ணாடியில் போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குக் கடையில் இருப்பது சிசிடி (CCD) ஸ்கேனரா என்று கேளுங்கள்; கொஞ்சம் தள்ளி இருப்பதையும் அது தெளிவாக எடுக்கும். மெலிதான சிஐஎஸ் (CIS) ஸ்கேனர்களுக்குத் தன் பரப்பைத் தொடும் பொருள்தான் தெளிவாகத் தெரியும்; இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி நடுவில் வந்தால் படம் மங்கிவிடும். சிசிடி இல்லாத கடையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுக்கச் சொல்லலாம், அதுவும் நன்றாகவே வரும். கேள்வியே புரியாமல் முழிக்கும் கடையில் ஒட்டிய படத்தைக் கொடுக்க வேண்டாம். 2015 வெள்ளத்தில் நனைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஆல்பங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. காய்ந்துபோன அவற்றைக் கையால் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.

இனி முகத் திருத்தம். அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். இப்போது பெரும்பாலான கடைகளில் ஒரே பொத்தானில் முகத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஓடுகிறது. கீறலையும் பூஞ்சைக் கறையையும் அது அழகாக எடுத்துவிடும். கூடவே கன்னத்து மச்சம், முன்கையில் பச்சை குத்தியது, பாம்படம் போட்டு நீண்ட காது, இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்று எல்லாவற்றையும் கறையாக நினைத்து அழிக்கும் அல்லது தனக்குத் தெரிந்த மாதிரி மாற்றும். ஏழுகல் தோடு வட்டமான பளபளப்பாகிவிடும். மடிசார் மடிப்பு ஏதோ துணியாகிவிடும். நிறத்தையும் கேட்காமலே இரண்டு படி வெளுப்பாக்கித் தருவார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டியை அடையாளம் கண்டது இந்தக் குறிகளால்தான். அதனால் கடைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எதை எடுக்கலாம் (கீறல், மடிப்பு, கறை), எதைத் தொடக்கூடாது (மச்சம், பச்சை, காது, சுருக்கம், பல்வரிசை). நெற்றியைப் பற்றியும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பொட்டு வைப்பதும் எடுப்பதும் குடும்பம் தீர்மானிக்கிற விஷயம், கடையின் வழக்கம் அங்கே நுழையக்கூடாது. திருத்திய படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, பாட்டியை நாற்பது வயதில் பார்த்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் தயங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

1970, 80-களின் கலர் படங்கள் சிவந்து போயிருக்கும். நீலப்பச்சைச் (சயான்) சாயம் முதலில் மங்குவதால் வருவது அது. சரிசெய்ய ஒரு வெள்ளை தேவை. பக்கத்தில் நிற்பவரின் வேட்டியோ நெற்றி விபூதியோ போதும், அதை வைத்து வண்ணத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் புடவை இன்னும் பீரோவில் இருந்தால் அதையே கடைக்கு எடுத்துப்போவது நல்லது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் சேவையை, அந்தப் புடவை கையில் இல்லாதவரை, நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அரக்கா, எம்.எஸ். நீலமா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

நினைவு மலரைப் பதினாறு நாளுக்குள் கொண்டுவரச் சொல்லிக் கடைகள் ஆசை காட்டும். வேண்டாம். காரியத்துக்குப் படமும் ஒற்றைத் தாள் அஞ்சலியும் போதும். மலரைத் தலைத்திவசத்துக்கு வைத்துக்கொண்டால் ஓராண்டு கிடைக்கும். அந்த அவகாசம் தேதிகளுக்காகத் தேவைப்படும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஆதாரில் வெறும் ஆண்டு மட்டும் இருக்கும், அதுவும் உத்தேசம். ஜாதகமோ சொந்தக்காரர் நினைவோ தமிழ் வருஷத்தைத் தரும். பிரஜோற்பத்தி 1931-32, ஆங்கீரச 1932-33, ஸ்ரீமுக 1933-34, பவ 1934-35, யுவ 1935-36. தவறு நடப்பது தையிலும் மாசியிலும்: வருஷம் சித்திரையில் தொடங்குவதால் ஸ்ரீமுக வருஷம் மாசியில் பிறந்தவர் 1934-ல் பிறந்தவர். பல மலர்களில் 1933 என்று தவறாகவே இருக்கும். கல்யாணம், பிள்ளைப்பேறு போன்றவற்றுக்கு ஊர் நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொள்ளலாம். ஜப்பான் குண்டுப் பயத்தில் பட்டணத்தைக் காலி செய்தது 1942, டிராம் ஓட்டம் நின்றது 1953, தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். “டிராம் நின்னப்ப பெரியவன் கைக்குழந்தை” என்று ஒரு அத்தை சொன்னால் அது நல்ல ஆதாரம்.

அச்சில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்புவது யூனிகோடு. பக்கம் அமைக்கப் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருக்கும் கடையில் அது உடையும், அவர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் மறுபடி அடிப்பார்கள், அப்போது ல ள ழவும் ன ணவும் இடம் மாறும். யூனிகோடை நேரடியாக எடுக்கும் இன்டிசைன் மென்பொருள் உள்ள கடையைத் தேடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். புரூஃபைக் காகிதத்தில் வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் பார்த்துத் திருத்துவதே இன்றும் சிறந்த முறை. படக்குறிப்பில் “அத்தை”, “சின்னம்மா” என்று மட்டும் போட்டால் முப்பது வருஷம் கழித்து யாருக்கும் விளங்காது. வீட்டில் கூப்பிட்ட பெயர், முழுப்பெயர், யாருக்கு என்ன உறவு மூன்றும் வேண்டும்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். 32 பக்கம், உள்ளே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேட் ஆர்ட் தாள், அட்டை 300 ஜிஎஸ்எம், நடுவில் ஸ்டேப்ளர் பின் என்பது நன்றாக நிற்கும் அமைப்பு. 64 பக்கத்தைத் தாண்டினால் பின் போட்ட புத்தகம் வாயைப் பிளக்கும். வெறும் பசையில் ஒட்டும் பைண்டிங், நல்ல பசை இல்லையென்றால் இந்த வெயிலில் சில வருஷத்தில் இதழ் இதழாக உதிரும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பத்துப் பிரதிகளையாவது நூல் தைத்து வாங்குங்கள். பிரதிகள் குறைவாக இருந்தால் டிஜிட்டல் அச்சு. பல நூறு என்றால் ஆஃப்செட்டில் பிரதி விலை இறங்கும், காரணம் பிளேட் (அச்சுத் தகடு) செலவு ஒருமுறைதான்.

கேசட்டைப் பற்றிச் சுருக்கமாக. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், முழுதும் ஓடினால்தான் பதிவாகும். ஒரு மணி நேரத்தில் பத்துக் கேசட் என்பவரிடம் கொடுக்காதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை, சுத்தம் செய்யாமல் ஓட்டக்கூடாது. முதல் பிரதி வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாக இருக்கட்டும், இரைச்சல் நீக்கம் அதன் நகலில் மட்டும்.

ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், மறுபடி ஒட்டாது. பின்னட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். பூமாலையின் ஈரம் மேல் விளிம்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும், அங்கே டேப் ஒட்டி மூடினார்களா என்று பார்த்து வாங்குங்கள். சந்தனம், குங்குமம் கண்ணாடிக்கு மட்டும். ஓதம் ஏறும் சுவரில் மாட்டுவதானால் ஃபிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டித் தரச் சொல்லுங்கள், பின்னால் காற்று போகும்.