முற்றத்துக்குப் பெங்சுயி பார்க்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனம்

வீட்டு வளவுக்குப் பெங்சுயி (வாஸ்து மாதிரி ஒரு சீன சாத்திரம்) பார்ப்பதாகச் சொல்லி ஒருவர் கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் திரிகிறார். அக்கா வீட்டில் அவர் செய்துவிட்டுப் போனதை எழுதுகிறேன். முற்றம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்.

பெங்சுயிக்குத் திசைதான் அத்திவாரம். லுவோபான் என்ற அவர்களுடைய திசைகாட்டி வட்டத்தை 24 கூறாகப் பிரிக்கும். ஒரு கூறு வெறும் 15 பாகை. இந்த மனிதர் அதை இரும்புக் கேற்றுக்குப் பக்கத்தில், தன்னுடைய வான் வண்டியின் முகப்பில் வைத்து அளந்தார். இரும்புக்குக் கிட்ட ஊசி இழுபடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் கடல் தென்மேற்கில் இருக்கிறது என்றார். "தம்பி, பின்னேரம் சூரியன் அங்கதானே விழுது, அது மேற்கு" என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லை. "கருவி பொய் சொல்லாது அக்கா" என்று முடித்துவிட்டார்.

அதோடு முழு வளவும் புரண்டது. கிழக்கில் நின்ற ஜம்பு மரம் அவருடைய கணக்கில் வடகிழக்குக்குப் போனது. வடகிழக்கு மண்ணின் திசை, மரம் மண்ணை அடக்கும், தறிக்க வேண்டும் என்றார். ஆனால் கிழக்கு மரத்துக்கே உரிய திசை. அவர்களுடைய சாத்திரப்படியே அது நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. வருஷா வருஷம் அயலுக்கெல்லாம் பழம் கொடுத்த மரம். அத்தான் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆட்களைக் கொண்டுவந்து அடியோடு தறித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. (பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்காமல் தறிக்கவே முடியாது. இவர் அதையெல்லாம் சொல்லமாட்டார்.)

அப்புறம் செல்வ மூலை, அதாவது பெங்சுயியில் பணத்துக்குரிய தென்கிழக்கு. தென்கிழக்கு என்று அவர் காட்டிய இடம் உண்மையில் தெற்கு, நெருப்பின் திசை, தண்ணீருக்குப் பகை. அங்கே ஒரு நீரூற்றுத் தொட்டியை வைத்து ஒன்றரை இலட்சம் ரூபாய் வாங்கினார். கொஞ்ச நாளில் பம்ப் நின்றது. ஃபோன் எடுத்தால் "நாளைக்கு வாறன்" என்பார், வரமாட்டார். தேங்கிய தண்ணீர் ஆகாது என்று பெங்சுயியே சொல்கிறது. மழைக்குப் பிறகு பார்த்தால் தொட்டி ஓரமெல்லாம் நுளம்புக் குடம்பி நெளிகிறது. டெங்குச் சோதனைக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். 2017இல் இந்த நாட்டில் 180,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அக்கா வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெங்சுயி பார்ப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். பார்ப்பதென்றால் வாகனம், கேற், கொங்கிரீட் கம்பி எல்லாவற்றுக்கும் தள்ளி நின்று இரண்டு மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஆலோசனை சொல்கிறவரே சாமானும் விற்கிறார் என்றால் அனுப்பிவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். அக்காவுக்கு அவர் பற்றுச்சீட்டு தரவில்லை. ஆனால் வங்கியில் போட்ட பதிவும் வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுகிறோம். அவர்களுடைய இலக்கம் 1977. இதே ஆளிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால் நீங்களும் முறையிடுங்கள்.