பழைய தீமிதி டிவிடியை எடிட் செய்ய ஹேண்ட்பிரேக் போதுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வீட்டு அலமாரியில் டிவிடி கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோவில் தீமிதி. தோட்டத்து லயத்தை விட்டு எல்லாரும் தாமானுக்கு (டவுன் வீடமைப்புப் பகுதிக்கு) வந்தாயிற்று, புது லேப்டாப்பில் டிவிடி போட இடமே கிடையாது, ஆனாலும் அந்தத் தீமிதியைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி வாட்சப்பில் போடு என்று அத்தைமார் கேட்பது நிற்கவில்லை. டவுனில் ஒரு கடையில் கொடுத்தால் படத்தை மங்கலாக்கி, மூலையில் கடைப் பெயரையும் போட்டுத் தருகிறார்கள். அதனால் வெளியே மாட்டும் யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி, ஹேண்ட்பிரேக்கில் நானே இறங்கினேன்.

வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்தான், வெட்டி ஒட்டும் வேலையை அதன் பிறகு வேறு எடிட்டிங் மென்பொருளில் செய்ய வேண்டும். சின்னம் என்னவோ அன்னாசிப்பழமும் மதுக் கிண்ணமும். அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள், இறக்கிய கோப்பைச் சரிபார்த்தும் கொள்ளுங்கள்; 2017 மே மாதம் அவர்களுடைய பதிவிறக்க சர்வர் ஒன்றிலேயே ஹேக்கர்கள் மேக் பதிப்பில் வைரஸைச் செருகிவிட்டார்கள்.

டிவிடிக்குள் படம் ஒரே கோப்பாக இருக்காது. ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாத விஓபி (VOB) என்ற கோப்புத் துண்டுகளாக இருக்கும். அவற்றை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் போட்டால் சிலது திறக்காது, திறந்தாலும் துண்டு மாறும் இடத்தில் உறுமிச் சத்தம் ஒரு நொடி விக்கும். ஹேண்ட்பிரேக் டிவிடியை முழுசாகப் படித்து ஒரே எம்பி4 ஆக்கித் தருகிறது, விக்கல் இல்லை. முழு டிவிடியும் வேண்டாமென்றால் அத்தியாயமோ நேரமோ குறித்துத் தீமிதியை மட்டும் எடுக்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இனி குறை. திறந்தவுடன் கண்முன் அத்தனை பட்டன்கள், எது நமக்கு வேண்டியது என்று ஒரு வார்த்தை சொல்லாது. வரும்போதே தேர்வாகியிருக்கும் பிரீசெட் (முன்கூட்டியே அமைத்த செட்டிங்) பார்ப்பதற்கானது, எடிட்டிங்குக்கு புரொடக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் இருப்பவைதான் சரி. கோப்பு டிவிடியை விடப் பெரிதாகலாம், ஆனால் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இழுக்கும்போது திக்காது. ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) கான்ஸ்டன்ட் என்று வையுங்கள், இல்லாவிட்டால் நீளமான படத்தில் சத்தமும் வாயும் விலகிப் போகலாம்.

அப்புறம் கோடு பிரச்சினை. நம் ஊர் டிவிடி பெரும்பாலும் பால் (PAL) என்ற வீடியோ முறை, 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். கேமராக்காரர் எடுத்தது ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பாதிப் படங்களைப் பின்னியதாக இருக்கும். பூக்குழியில் ஓடுபவரின் காலை நிறுத்திப் பார்த்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸைப் போட்டால் போய்விடும், அதில் பாப் என்ற தேர்வு இரண்டு பாதிகளையும் தனித்தனி ஃபிரேமாக்கி 50 ஆக்குவதால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

கடையில் வாங்கிய பட டிவிடிகளின் நகல் தடுப்புப் பூட்டை ஹேண்ட்பிரேக் திறக்காது. கீறல் விழுந்த டிவிடி என்றால் பாதியில் நின்றுவிடும், அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

ஒரே ஒரு காட்சியை வெட்டினால் போதும் என்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். ஷாட்கட் என்ற இன்னோர் இலவச மென்பொருள் விஓபியை நேராகத் திறக்கிறது, அதிலேயே வெட்டி அத்தைக்கு அனுப்பிவிடலாம்.