ஹாஃப்-லைஃப்: காதைத் தீட்டிக்கொண்டு ஆட வேண்டிய ஆட்டம்

1998 நவம்பரில் வெளிவந்த கேம் இது. நான் தொட்டது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். எத்தனையோ புது ஷூட்டர்கள், அதாவது துப்பாக்கிச் சண்டை கேம்கள், வந்துவிட்டன, பார்க்க இதைவிட அழகானவை. ஆனாலும் இதை விட முடியவில்லை. காரணம் ஒன்றுதான்: இதில் கண்ணுக்கு இருக்கும் அளவுக்குக் காதுக்கும் வேலை இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பிளாக் மேசா என்ற ஆராய்ச்சிக்கூடம், பெரும்பகுதி பூமிக்கடியில். கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர் கலந்துகொள்ளும் சோதனை ஒன்று தப்பிப்போய், வேற்றுலகத்துக்கு வழி திறந்துவிடுகிறது. முதலில் ஜந்துக்கள் வருகின்றன. பின்னாலேயே விஷயம் வெளியே தெரியாமல் மறைக்க ராணுவம் வருகிறது, விஞ்ஞானிகளையும் சேர்த்தே சுடுகிறது. நடுவில் ஆட்டத்தை நிறுத்திக் காட்டும் சினிமாக் காட்சிகள் கிடையாது. எல்லாம் கார்டனின் கண் வழியாகத்தான்.

பிளாஸ்ட் பிட் அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஆழமான குழி. அதன் அடியிலிருந்து மூன்று நீண்ட கழுத்துகள் எழும்பி நிற்கும். நுனியில் அலகு, கண் கிடையாது. சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே ஓங்கிக் கொத்தும். சுட்டால் கொஞ்ச நேரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், சாகாது. ஓடினால் நாம்தான் செத்தோம். ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பேன். எதிர்ப்பக்கமாக ஒரு கையெறி குண்டை வீசினால் மூன்று அலகும் அந்தப் பக்கம் திரும்பி, இரும்புத் தரையை டங் டங்கென்று கொத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஏணியைப் பிடித்து இறங்கிவிட வேண்டும். எரிபொருள், ஆக்ஸிஜன், மின்சாரம் மூன்றையும் திறந்துவிட்டுத் திரும்பி வந்து எஞ்சினைப் பற்றவைக்கும்போது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

ராணுவ வீரர்களும் அப்படித்தான். ரேடியோவில் பேசிக்கொள்வது கேட்டாலே அடுத்த திருப்பத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குண்டை வீசினால் கத்திக்கொண்டே விலகி ஓடுவார்கள். ஒரு குழுவில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் சுடுவார்கள். மீதிப் பேர் இடம் மாறுவார்கள், அல்லது குண்டு வீசுவார்கள். இந்தச் சின்ன விதி ஒன்றே அவர்களைத் திட்டம் போட்டுச் சண்டை போடுகிறவர்களாகக் காட்டிவிடுகிறது. 1998இல் இதை யோசித்தவர்களை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

குறைகளும் உண்டு. ஏணிதான் முதல் தொல்லை. மேலே பார்க்கிறோமா கீழே பார்க்கிறோமா என்பதைப் பொறுத்து ஏறுவதும் இறங்குவதும் மாறும். விளிம்பில் லேசாகப் பார்வை தப்பினால் விழ வேண்டியதுதான். 'ஆன் எ ரெயில்' அத்தியாயம் தேவைக்கு மேல் நீளம், ஒரே மாதிரித் தண்டவாளச் சுரங்கங்கள். விஞ்ஞானிகளுக்கு நான்கே முகங்கள். கடின நிலையில் ஆடினால் வீரர்களின் உடல்பலம் 50இலிருந்து 80 ஆகிறது, புத்தி கூடுவதில்லை. அதனால் நடு நிலையே போதும் என்பேன்.

பெரிய குறை ஸென். கடைசிப் பகுதியில் அந்த வேற்றுலகத்துக்கே போகிறோம். வெட்டவெளியில் மிதக்கும் பாறைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். நம் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாத கேமில் துல்லியமாகத் தாவச் சொல்வது நியாயமில்லை. அதைவிட எனக்கு வருத்தம், அதுவரை பழகிய காதுக்கு அங்கே வேலையே குறைந்துபோகிறது. ஒளிந்து நின்று கேட்பதற்குச் சுவரே இல்லை.

புதிதாக ஆடப்போகிறவர்களுக்கு: 2023இல் 25ஆம் ஆண்டுக்காக வந்த அப்டேட்டுக்குப் பிறகு அகலத் திரையில் நன்றாக ஓடுகிறது. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். எஃப்6 அழுத்தி அவசரமாக சேவ் செய்வதை மட்டும் நம்பாதீர்கள். விழுந்துகொண்டிருக்கும்போது அழுத்திவிட்டால் அந்த சேவ் வீண். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சில வருடங்களில் ஸென் வாசல் வரை போய் நிறுத்திவிட்டு, பிளாஸ்ட் பிட் சேவைத் திரும்பத் திறந்துவிடுவேன்.