ஜீனி3: மூன்று வருடம் பாவித்த பிறகு

லப்டொப் விசிறிச் சத்தத்தோடு தூங்கிப் பழகியது 2022 இல், வெள்ளவத்தை அறையில். முதுமாணி ஆய்வுக்கு ஏஎம்எல் என்ற குருதிப் புற்றுநோயை எடுத்திருந்தேன். எந்த மரபணு எதை ஆட்டுவிக்கிறது என்று வெளிப்பாட்டுத் தரவிலிருந்தே, அதாவது ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு இயங்குகிறது என்ற அளவுகளிலிருந்தே, ஊகிக்க வேண்டும். ஆய்வுகூடச் செலவுக்கு வழியில்லை. டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தரவு இலவசம், அந்த ஊகத்தைச் செய்ய 2010 இல் வந்த ஜீனி3 என்ற மென்பொருளும் இலவசம்.

அது ஒவ்வொரு மரபணுவாக எடுத்து, அதன் அளவைக் கட்டுப்படுத்திகளின் (மற்றவற்றை ஆட்டுவிக்கக்கூடிய மரபணுக்களின்) அளவைக் கொண்டு கணிக்கப் பார்க்கும். மரபணு ஒன்றுக்கு 1000 முடிவு மரங்கள், அதாவது ஆம்/இல்லைக் கேள்விகளாகக் கிளைத்துப் போகும் கணிப்பு மாதிரிகள். கணிப்புக்கு அதிகம் கைகொடுத்த கட்டுப்படுத்திக்கு அதிக புள்ளி.

இடையில் நின்றால் எல்லாம் போச்சு. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. இரண்டு தடவை பற்றரி செத்து ஓட்டம் பாதியில் நின்றது. அப்புறம்தான், எந்த மரபணுக்களைக் கணிக்க வேண்டும் என்று குறிக்கும் 'டார்கெட்ஸ்' என்ற அளவுருவைக் கவனித்தேன். மரபணுக்களைத் தனித்தனியாகத்தானே கணிக்கிறது? 500, 500 ஆக வெட்டிச் சேமித்துக்கொண்டு போனால், கரண்ட் போனாலும் ஒரு துண்டுதான் நட்டம்.

முதல் பட்டியலைத் திறந்தால் உச்சியில் ஸெட்எஃப்வை என்ற கட்டுப்படுத்தி. அது ஆட்டுவிப்பதாகக் காட்டிய மரபணுக்கள் டிடிஎக்ஸ்3வை, ஆர்பிஎஸ்4வை1. பெரிய கண்டுபிடிப்பு என்று சீனியர் அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். "எல்லாம் வை நிறமூர்த்தத்தில இருக்கிறதடா. ஆம்பிளையையும் பொம்பிளையையும் பிரிச்சிருக்கிறாய், வேற ஒண்டுமில்லை" என்றார்.

அதைவிட நுட்பமாக ஏமாற்றியது பிஓயூ4எஃப்1 என்ற கட்டுப்படுத்தி. அதிலிருந்து ரன்எக்ஸ்1டி1 என்ற மரபணுவுக்குக் கனமான அம்பு, அதாவது அதிக புள்ளி பெற்ற தொடர்பு. 8 ஆம், 21 ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்ட நோயாளிகளில் ரன்எக்ஸ்1டி1, ரன்எக்ஸ்1 உடன் இணைந்து எகிறும். பிஓயூ4எஃப்1 உம் அதே ஆட்களில்தான் உயரும். இரண்டும் ஒரே விபத்தின் அடையாளங்கள். ஜீனி3 ஒன்றை மற்றதன் முதலாளி ஆக்கிவிட்டது. 200 பேர் கொண்ட அந்தத் தொகுதியில் இந்த வகை நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களை மட்டும் வைத்து ஓட்டவும் ஏலாது. ஆகவே அவர்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவேன். நீக்கிய பிறகும் நிற்கிற அம்புகளைத்தான் அதன்பின் கணக்கில் எடுப்பேன். வை மரபணுக்களை முதலிலேயே எடுத்துவிடுகிறேன்.

அம்பு தூண்டுகிறதா அடக்குகிறதா என்றும் ஜீனி3 சொல்லாது. தொடர்புக் குணகத்தின் குறியை (இரண்டும் சேர்ந்து உயர்கிறதா, எதிரெதிராகப் போகிறதா என்பதை) நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரம் என்றால் இதே வேலையைச் செய்யும் ஜிஆர்என்பூஸ்ட்2 என்ற மென்பொருள் பக்கம் போகலாம், வேகம் கூட. நான் பழகிய கையை மாற்றவில்லை.

புள்ளிகள் வரிசைப்படுத்தத்தான், எங்கே வெட்டுவது என்பதற்கு அதில் விதி இல்லை. ஆய்வை மேற்பார்க்கும் மெடம் கேட்டால் "முதல் 1000" என்கிறேன். ஏன் 1000 என்று அவர் இன்னும் கேட்கவில்லை.