போடியில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு ஜீப் பட்டறை

எங்கள் வீட்டு ஜீப் மகிந்திரா சிஜே 3பி. அப்பா 1986-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போய் வருவதுதான் அதற்கு வேலை. 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறும். போன சித்திரையில் தோட்டத்துச் சரிவில் லோ கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின்னால் எட்டு உர மூட்டை. பிரேக்கை மிதித்து, மண் திட்டில் சாய்த்து நிறுத்தினேன். பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் போன பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு. உக்கடத்துல பழைய கேஸ் முழுசாக் கிடைக்கும், 28,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஹை, லோ கியர் இரண்டும் அதற்குள்தான். என் வண்டியில் எது தேய்ந்தது என்றே பார்க்காமல், யாரோ ஓட்டித் தேய்த்த இன்னொரு கேஸை எந்த நம்பிக்கையில் வாங்குவது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவர்தான் இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார். ஊரின் மேற்குக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. நடத்துகிற அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு ஒரு பையன். அவ்வளவுதான்.

வண்டி நின்றதும் அவர் செய்த முதல் காரியம், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் வடித்து வெயிலில் வைத்தது. அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வயசுத் தேய்மானம், பயம் இல்லை" என்றார். செதில் செதிலாக மின்னினால் பல்லின் முகம் உரிகிறது என்று அர்த்தமாம். தட்டின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் தங்கியிருந்தது. "வாஷர் போயிருக்கு தம்பி" என்றார். நான்கு நாள் கழித்துக் கேஸைப் பிரித்தபோது, இன்டர்மீடியட் கியரின் (நடுவில் நின்று விசையைக் கைமாற்றும் கியர்) இரண்டு பக்கமும் உரசலைத் தாங்க இருக்கும் த்ரஸ்ட் வாஷர்களில் ஒன்று பாதியாகத் தேய்ந்திருந்தது.

கேஸைப் பிரித்த அன்று என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். கழற்றிய ஒவ்வொன்றையும் டீசலில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, கோணிச் சாக்கில் வரிசையாக வைத்தார். பழைய ஜீப்பில் இருப்பது ஸ்பைசர் 18 என்கிற மாடல் டிரான்ஸ்ஃபர் கேஸ். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருக்கும். அதனால் ஹை கியரில் போனாலும் எஞ்சின் விசை நேராகப் பின்னால் போகாது, இன்டர்மீடியட் கியர் வழியாகத்தான் போக வேண்டும். வண்டியை எந்த கியரில் ஓட்டினாலும் அந்தக் கியருக்குச் சுமை உண்டு. அதனால் அவர் முதலில் எடுத்தது அதைத்தான்.

பல் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது, மாற்றிவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பளபளப்பு வேறு, தேய்மானம் வேறு என்று சொல்லி, என் கையைப் பிடித்துப் பல்லின் அடியிலிருந்து நுனிவரை நகத்தை இழுக்கச் சொன்னார். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. படி மாதிரி ஒரு இடத்தில் தடுக்கினால்தான் அங்கே இரும்பு போயிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று பல்லில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னக் குழிகள் இருந்தன. அவை தனித்தனியாக இருக்கிறவரை ஓட்டலாம், ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாகிவிட்டால் கியரைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். அப்புறம் ஒரு பழைய அரத்தை எடுத்து, அதன் முனையைப் பல்லின் முகத்தில் வைத்து லேசாகத் தள்ளினார். கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. கியர்ப் பல்லுக்கு மேல்தோல் மட்டும்தான் நல்ல கடினம், உள்ளே மெதுவான இரும்பு. தோல் இருக்கிறவரை அரம் வழுக்கும். தோல் போய்விட்டால் அரம் பிடிக்கும், அதற்கப்புறம் தேய்மானம் வேகமெடுக்கும். "இந்தக் கியரை உங்க பையன் ஓட்டுற வரைக்கும் தொட வேண்டாம்" என்றார். கியர் விற்றால் அவருக்கும் நாலு காசு கிடைத்திருக்கும். அந்த இடத்திலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கியர் உட்காரும் ஷாஃப்ட்டை அவர் விடவில்லை. பார்வைக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நகத்தை வைத்துச் சுற்றியபோது நீடில் பேரிங் (ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் உள்ள பேரிங்) ஓடின தடம் கோடு கோடாகத் தெரிந்தது. ஷாஃப்ட், நீடில், வாஷர் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். இந்த ஷாஃப்ட் காலத்துக்குக் காலம் முக்கால் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று பருமன் மாறியிருக்கிறது. அதனால் வெர்னியரில் அளந்து எழுதிக்கொடுத்துத்தான் சாமான் வாங்க அனுப்பினார்.

சரி, கியர் ஏன் கழன்றது? நான் வருஷக்கணக்காகக் குழம்பியிருந்த விஷயம் இதுதான். லோ போடும்போது நகர்கிற கியரின் பல் முனைகள் மழுங்கியிருந்தன. அதுதான் காரணம் என்று நினைத்தேன். முனை மழுங்கினால் கியர் விழும்போது கரகரக்கும், விழுந்த பிறகு அதனால் கழலாது என்றார். பல்லின் தடிமனை ஒரு ஓரத்திலும் மறு ஓரத்திலும் அளந்து காட்டினார். 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம். பல் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மெலிந்திருந்தது. சுமை விழும்போது அந்தச் சரிவே கியரை வெளியே தள்ளுகிறது. அதுவும் பல்லின் ஒரு முகத்தில் மட்டும்தான் அப்படி. ஏற்றத்தில் எஞ்சின் வண்டியைத் தள்ளுகிறது, பல்லின் ஒரு முகம் சுமை வாங்குகிறது. இறக்கத்தில் வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்கிறது, எதிர் முகம் சுமை வாங்குகிறது. சரக்கை ஏற்றிக்கொண்டு லோவில் இறங்கி இறங்கி அந்த எதிர் முகம் தேய்ந்திருக்கிறது. என் வண்டி ஏற்றத்தில் ஒரு நாளும் கழன்றதில்லை, இறக்கத்தில் மட்டும் கழன்றது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அப்பா ஓட்டின காலத்து இறக்கம் எல்லாம் அந்தப் பல்லில் எழுதியிருந்தது போல இருந்தது எனக்கு.

கியர் மட்டும் இல்லை. லீவர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, கியரை நகர்த்தும் ஃபோர்க் மெலிந்திருந்தது. பின் ஷாஃப்ட்டை டயல் கேஜ் வைத்து அசைத்தால் 15 தௌ ஆடியது (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நான்கிலிருந்து எட்டு தௌ, அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் ஆடலாம். பேரிங்கை மாற்றி, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து ஆறு தௌவில் நிறுத்தினார். அதற்கே ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. நாலு முறை கழற்றி மாட்டினார், முகம் சுளிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வாங்கிவந்த புது லோ கியரை அவர் அப்படியே மாட்டவில்லை. பல்லில் நீல மை தடவி, ஜோடிக் கியரோடு சுற்றிப் பார்த்தார். மை ஒரு ஓரத்தில் மட்டும்தான் அழிந்தது. அதாவது புதிதாக இருந்தும் பல் முழு அகலத்துக்குப் படியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கச் சொன்னார். கடைக்காரரிடம் சண்டை போட்டுத்தான் மாற்ற முடிந்தது. இரண்டாவது கியரில் மை முழு அகலத்துக்கும் அழிந்தது.

கூலி 7,000, சாமான் 11,400. பழைய உதிரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மழைக்காலம் முழுக்க லோவில் இறங்கியிருக்கிறேன், ஒரு முறைகூடக் கழலவில்லை. ஹை கியரில் 40-ஐத் தாண்டினால் ஊளைச் சத்தம் இன்னும் இருக்கிறது. கியர் வழியாகவே விசை போகிற கேஸ், அது அப்படித்தான் பாடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

குறையும் உண்டு. ஒன்பது நாள் என்று சொன்னது பதினாறு நாள் ஆனது. போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் தருவதில்லை, துண்டுச் சீட்டுதான். இன்டர்மீடியட் ஷாஃப்ட்டின் பின்முனையில் ராத்திரிக்கு ஒரு ரூபாய்க் காசு அளவு ஆயில் இன்னும் சொட்டுகிறது. கொண்டுவா, சும்மாவே சரி பண்ணித் தருகிறேன் என்றிருக்கிறார், எனக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை. இந்தக் கசிவுக்காகவும் தாமதத்துக்காகவும் அரைப் புள்ளி குறைக்கிறேன். ஐந்துக்கு நாலரை.

போகிறவர்கள் ஆடி, ஆவணிக்கு முன்னால் போங்கள். காய் எடுப்பு தொடங்கிவிட்டால் தோட்டத்து ஜீப்பெல்லாம் அங்கேதான் நிற்கும். கிளம்பும் முன்பு ஆயிலை மாற்றிச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டாம். பழைய ஆயிலைத்தான் அவர் முதலில் கேட்பார்.